ஓடையில் மேலேறிய கிருமி

அத்தியாயம் 4

தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டியதில்லை. ஆனால் அய்யனார் கோவில் ஓடையில் ஒரு கிருமி கீழேயிருந்து மேலே போயிருக்கிறது என்று எம்.எஸ்ஸி. படித்த பெண் ஒருத்தி சொன்னபோது ஜமால் முகமதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

அவன் வந்து சேர்ந்த கோலமும் சிரிக்கக்கூடியதுதான். ராஜபாளையத்திலிருந்து முடங்கியார் ரோடு வழியாக, டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்சீட்டில் துப்பறியும் இசக்கியம்மாளை உட்காரவைத்து, மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளி, நாக்குத் தள்ளிப்போய் வந்திருந்தான். இசக்கியம்மாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா, யாராவது கொளுத்தினார்களா என்று முகர்ந்து பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை மாடியில் சொந்தமாகப் பலகை மாட்டியபோது, கூட வேலைக்கு வந்த ஒரே ஆள் ஜமால். அவன் வாப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே பூக்கடை. பூ கட்டிக் கட்டி விரல் தேய்ந்து, இனிமேல் மூளையைத் தேய்ப்போம் என்று துப்பறிய வந்தவன் அவன்.

"மெதுவா, எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு தாயி," என்றாள் இசக்கியம்மாள், ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டபடி.

அந்தப் பெண்ணின் பெயர் ஸாவித்ரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் ஸுந்தரராஜனிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்து நீட்டினாள்.

"இது மேல வழுவழுன்னு ஒரு படலம் இருக்கு பாருங்க. இதுக்குள்ள கிருமிங்க கோடிக்கணக்கா ஒண்ணை ஒண்ணு ஒட்டிண்டு இருக்கும். ஒரு கிருமிகிட்ட ஏதாவது விசேஷ குணம் இருந்தா, ஒட்டி இருக்கிற இன்னொரு கிருமி அதை வாங்கிக்கும். பெத்த பிள்ளைக்குக் குடுக்கிறது இல்லை. பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடுக்கிறது. சோதனைக் குழாய்ல இது நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஓடுற தண்ணில, வெயில்ல, குளிர்ல நடக்குமா? அதைத்தான் பாக்கறேன்."

"எங்க தெருவுல நோன்புக்கஞ்சிப் பக்குவம் இப்படித்தான்," என்றான் ஜமால். "ரஹ்மத் பீவி சாச்சி வீட்டுப் பக்குவம் சொவரோரமா அடுத்த வீட்டுக்குப் போவும். மறு வருசம் கேட்டா, இது எங்க பாட்டன் காலத்துப் பக்குவம்பாக."

ஸாவித்ரி அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "அதேதான். என் கிருமி தட்டுல வெள்ளையா வளரும். பாதரசம் கலந்தாலும் சாகாது. ஆபத்தில்லாத ஜாதி. இந்த ஓடைக் கிருமி பச்சையா வளரும், பாதரசம் பட்டா செத்துடும். என் கிருமியைத் தட்டைக் கல்லுல தடவி, வலைப்பைல போட்டு, இந்த இடத்துல தண்ணில வச்சேன். கொஞ்ச நாள்ல பச்சைல சிலது பாதரசத்துக்குச் சாகாம நின்னுது."

"பக்குவம் சொவரேறிருச்சு."

"ஆமா. அது வரைக்கும் எல்லாம் சரி." அவள் குரல் இறங்கியது. "மேல, அருவிக்குக் கீழ அந்தப் பாறை தெரியறதே, அங்கேருந்தும் ஒரு ஜாடி எடுப்பேன். நான் கல்லே வைக்காத இடம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக. அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனா இருந்தது. என் கிருமியோட அதே குணம், அடையாளம் மாறாம."

மேலே வைக்காத ஒன்று மேலே இருந்தால் என்ன அர்த்தம் என்று ஸுந்தரராஜன் சார் அவளிடம் சொல்லிவிட்டார். ஒன்று, நீ ஜாடியைக் கலந்துவிட்டாய். இல்லை, இட்டுக்கட்டி எழுதுகிறாய். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அவள் பதிவை ரத்து செய்யச் சொல்லி அவரே பேசப்போகிறார். நாலு வருஷ உழைப்பு அந்த ஒரு ஜாடியில் மூழ்கப்போகிறது.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்கா மேடம். என்னை ஒழிச்சுக்கட்டணும்னு."

இசக்கியம்மாள் அந்தப் பேச்சுக்குப் போகவில்லை. "மேல் ஜாடில ஒன் வெள்ளைக் கிருமி இருந்துச்சா?"

"இல்லை. பச்சை மட்டும்தான்."

"ஜாடி கலந்திருந்தா வெள்ளையுமில்லா வந்திருக்கணும்?"

ஸாவித்ரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. நானும் அதைச் சொன்னேன். சார் காதுல வாங்கலை. வெள்ளைக் கிருமி இந்தக் குளிர்ல ரொம்ப நாள் தங்காது, செத்துடும். குணத்தை வாங்கிண்ட பச்சைதான் தங்கும்."

"அப்பம், வாத்தியார் மௌத்தாயிட்டாரு, பாடம் ஊருக்குள்ள இருக்கு," என்றான் ஜமால்.

"அந்தப் பாறைக்கும் மேல பாத்தியா?" என்றாள் இசக்கியம்மாள்.

"ரெண்டு இடத்துல பாத்தேன். சுத்தமா இல்லை."

இசக்கியம்மாள் ஈரக்காலைப் பாறையில் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். "ஜாடில எந்தக் கோளாறும் இல்ல தாயி. ஒன் வாத்தியார்க் கிருமி நெசமாவே அந்தப் பாறைக்குப் போயிருக்கு. நீந்திப் போவல. ஆரோ தூக்கிட்டுப் போயி உக்காரவச்சிருக்கான். பாடம் நடத்துத வரைக்கும் அது அங்கயே இருந்திருக்கு. கல்லு பூராம் எண்ணி வச்சிருக்கியா?"

முதல் சுற்றுக் கல்லெல்லாம் வேலை முடிந்ததும், அடுத்த தடவை வேகவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வலைப்பையில் போட்டு, கரையோர மரத்து வேரில் கட்டி ஓரத் தண்ணீரிலேயே விட்டிருந்தாள் ஸாவித்ரி. ஆனியில் கட்டியது, அதற்குப் பிறகு தொடவில்லை. இப்போது புரட்டாசி. பையை இழுத்துத் தூக்கியதுமே அவள் முகம் மாறிவிட்டது. எண்ணிப் பார்த்தாள். ஆறு கல் குறைந்தது. ஆனால் வலை எங்கேயும் கிழியவில்லை. வாய் ஒழுங்காகக் கட்டியிருந்தது.

ஜமால் அந்தக் கட்டின் மேல் விரலை வைத்தான். விரலுக்குத் தெரிந்த சங்கதி.

"அக்கா, இந்தப் பொண்ணு போட்ட முடிச்சில்ல இது."

"நான் சாதாரணமா ரெட்டை முடிச்சுதான் போடுவேன்," என்றாள் ஸாவித்ரி.

"இது முடிச்சே இல்ல. பூக்கட்டு. நூலை ரெண்டு வெரல்ல வளைச்சு, ஒரு முறுக்கு முறுக்கி, பூவோட கழுத்துல எறக்கி இழுக்கிறது. கண்ணை மூடிக்கிட்டு நான் ஆயிரம் போடுவேன். ஆனா ஒண்ணு." அவன் குனிந்து மறுபடி பார்த்தான். "முறுக்கு எதிர்ப்பக்கம் போவுது. நாங்க கட்டினா இந்தப் பக்கமில்லா மடங்கும். இது நொட்டாங்கைக்காரன் கட்டினது."

ஸாவித்ரி பையைக் கீழே வைத்துவிட்டாள். "நம்பி," என்றாள்.

நம்பி அவளோடு அதே சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவன். எழுதுவது இடது கையால். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டார் ஆண்டாள் கோயிலுக்கு நந்தவனம் வைத்துப் பூ எடுத்துக் கொடுக்கிறவர்கள். மேல் ஜாடியைத் தானும் பரிசோதித்து, ஆமாம் இருக்கிறது என்று சாரிடம் போய்ச் சொன்னதும் அவன்தான்.

"கேஸ் முடிஞ்சுதுக்கா," என்று ஜமால் பக்கத்திலிருந்த கற்குவியலின் மேல் வெற்றிவீரனாக உட்கார்ந்தான். "பூக்கார வீட்டுப் பிள்ளையைப் பூக்காரன் மகன் புடிச்சான்."

"ஏலே, அது ஆரு வீடோ, அதுல போயிக் குத்தவைக்கியே, எந்திலே."

ஓடைக்கரையில் தேங்காய், சூடம் விற்கும் கடைக்காரி வெள்ளைத்தாய் கத்தினாள். ஜமால் துள்ளி எழுந்து கீழே பார்த்தான். வீடு எதுவும் தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாலு கல்தான் சரிந்து கிடந்தது.

"சொந்த வீடு இல்லாதவுக இங்கன கல்லு அடுக்கிக் கும்பிடுவாக," என்று வெள்ளைத்தாய் அருகில் வந்து, சரிந்ததைத் திருப்பி அடுக்கினாள். "எத்தனை மாடி வேணுமோ அத்தனை கல்லு. ஆடி அமாவாசைக்கு வந்து பாரு, கால் வைக்க எடமிருக்காது. நல்ல தட்டைக் கல்லு பூராம் அன்னைக்கே தீந்துரும். பொறவு வாரவுகளுக்கு உருண்டைக் கல்லுதான். அதை அடுக்கி முடிக்கதுக்குள்ள தாவு தீந்துரும்."

இசக்கியம்மாள் அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள், நேராக அந்த மேல்பாறைக்கு.

பாறை நிழலில், கணுக்கால் தண்ணீரில், மற்ற அடுக்குகளுக்குச் சற்று ஒதுக்குப்புறமாக ஒன்று நின்றது. மற்றதெல்லாம் கோணிக்கொண்டு நிற்க, இது மட்டும் பெரியது கீழே சின்னது மேலே என்று கணக்காக ஏறியிருந்தது. ஐந்து தட்டைக் கல். இசக்கியம்மாள் மேல்கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"என் நெயில் பாலிஷ்," என்றாள் பின்னாலேயே ஓடிவந்த ஸாவித்ரி. "அடையாளத்துக்கு வச்சேன். இது என் கல்லு." ஐந்திலும் புள்ளி இருந்தது. எல்லாப் புள்ளியும் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது.

"ஆறு போச்சு, அஞ்சு இருக்கு. இன்னொண்ணு எங்க?" என்றாள் இசக்கியம்மாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாக," என்றாள் வெள்ளைத்தாய் சாதாரணமாக. "ஒரு கல்லை எடுத்துட்டுப் போயி சாமிகிட்ட வைக்கணும். வீடு அமைஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து ஓடைல விட்டுரணும். அதானே மொறை."

ஜமாலுக்கு இப்போது குழப்பமாக இருந்தது. "அப்பம் வேணும்னு கெடுக்கலியா அக்கா? ஆரோ பக்தன் பாட்டுக்குக் கல்லை எடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டானா?"

"கெடுக்க வந்தவன் அடுக்கிக் கும்பிட்டுட்டுப் போக மாட்டான். சரி. ஆனா வழிப்போக்கனா இருந்தா பையை அறுத்துப்போட்டுட்டுப் போயிருப்பான். இவன் அவுத்து, எடுத்து, திரும்ப அழகாக் கட்டி வச்சிருக்கான். புள்ளி கண்ணுல படாமக் கவுத்து வச்சிருக்கான். அந்தப் பை ஆரோடதுன்னு இவனுக்கு நல்லாத் தெரியும்லே." இசக்கியம்மாள் கல்லை ஸாவித்ரியிடம் கொடுத்தாள். "ஆறாவது கல்லு ஒரு வீட்ல இருக்கு. அந்த வீட்டை நாம பாக்கணும். எவன் வீடா இருந்தாலும் ஒங்க சார்கிட்ட சொல்லணும், நீ சாயங்காலம் அவுக வீட்டுக்கு வந்துரு தாயி."

*

ஸ்ரீவில்லிபுத்தூரில், கோபுரத்துக்கு எதிரே ஒரு பால்கோவாக் கடையில் நம்பி அகப்பட்டான். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தான். குற்றவாளிக்கு இப்படி அப்பாவி முகம் வைக்கக்கூடாது, பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஜமால் நினைத்தான்.

இசக்கியம்மாள் ஒரு பால்கோவாப் பொட்டலத்தை வாங்கி, கடைக்காரர் கட்டிய சணலை வேண்டுமென்றே உருவிவிட்டு, "தம்பி, கை ஈரமா இருக்கு, இதைச் செத்த கட்டிக் குடேன்," என்றாள்.

நம்பி இடது கையால் சணலைப் பிடித்தான். சுற்றினான். நழுவியது. மறுபடி சுற்றி, பல்லால் ஒரு நுனியைக் கடித்து, கடைசியில் ஒரு முண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். மாட்டுக்கயிறு கட்டுகிறவன்கூட அதைவிட நன்றாகப் போட்டிருப்பான்.

"பூக்காரவுக வீட்டுப் பிள்ளைன்னாக," என்றான் ஜமால், ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாமல். "பூக்கட்டத் தெரியாதா?"

"எனக்கா? இடது கையால பெருமாள் பூவைத் தொடக்கூடாதுன்னு எங்கப்பா என்னைக் கிட்டவே விடலை. வலது கைல கட்ட வரலை. செடிக்குத் தண்ணி இறைக்கறதோட என் கைங்கர்யம் சரி." பிறகு அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க ஸாவித்ரி விஷயமா வந்திருக்கேளா? நான் போட்டுக்குடுத்தேன்னு சொல்றாளா?"

"நீதான ஜாடியைப் பாத்துட்டுப் போயிச் சொன்ன?" என்றாள் இசக்கியம்மாள்.

"சார் பாக்கச் சொன்னார். பாத்தேன். இருந்தது. இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

"ஸாவித்ரி சார்கிட்ட விசயத்தைச் சொன்ன பொறவுதான?"

நம்பி யோசித்தான். அவன் முகத்தில் ஒரு சந்தேகம் மெல்ல வந்து உட்கார்ந்ததை ஜமால் பார்த்தான். "இல்லை. முன்னாடி. அவளுக்கே அப்போ தெரியாது. மேல் ஜாடி வெறும் ஜாடி, அதை யாரும் அவசரமாப் பாக்க மாட்டா. சார் தனியாக் கூப்பிட்டு, அதுல ஏதாவது வருதான்னு பாருன்னார். என்னடா இதுன்னு தோணித்து. கேக்கலை."

கடையை விட்டு வெளியே வந்ததும் ஜமால் வண்டியை உதைக்க மறந்து நின்றான்.

"கடை எரிஞ்ச சேதி ஊருக்குள்ள வாரதுக்கு முன்னால வாளியைத் தூக்கிட்டு ஓடுதவன் ஒருத்தன் இருப்பான்," என்றாள் இசக்கியம்மாள். "அவன் பேரைத்தான் நான் முதல்ல விசாரிப்பேன்."

"சார் நொட்டாங்கையா அக்கா?"

"போயிப் பாப்போம்."

*

ஸுந்தரராஜன் வலது கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஜமாலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாட வீதியில் வாடகை வீடு. முன்னறையில் ஒரு மேஜை, சுவரில் அவர் அறிவியல் கூட்டங்களில் பேசும் போட்டோக்கள். மந்திரித்த தகடு, எலுமிச்சம்பழம், பில்லி சூனியம் இவற்றையெல்லாம் மேடையேறிக் கிழிப்பதில் அவர் பேர்போனவர் என்று ஊரே சொல்லும். பின்னால் முற்றத்தில் கிணறும், அதற்கப்பால் இன்னொரு வீட்டின் சுவரும் தெரிந்தன. அவர் மனைவி மரகதவல்லி வந்து, "உக்காருங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பொண்ணு விஷயத்துல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் அவர், பேனாவை மூடி வைத்துவிட்டு. "விஞ்ஞானத்துல பரிதாபத்துக்கு இடமில்லைம்மா. ஒப்பிடறதுக்கு வச்ச ஜாடியே கெட்டுப்போச்சுன்னா மொத்த ஆராய்ச்சியும் கெட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"வாஸ்தவம் சார். நான் ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன்." இசக்கியம்மாள் பால்கோவாப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தாள். நம்பியின் முண்டு முடிச்சு வழியிலேயே அவிழ்ந்துவிட்டிருந்தது. சணல் இரண்டு பக்கமும் தொங்கியது. "வீட்டுக்குன்னு வாங்கினேன். வெறுங்கையோட வரப்படாதுன்னு."

ஸுந்தரராஜன் ஒழுங்குக்காரர். மேஜை மேலிருந்த தாள்களெல்லாம் விளிம்பு சேர்ந்து அடுக்கியிருந்தன. தொங்கும் சணலை அவரால் சகிக்க முடியவில்லை. கமிட்டியின் விதிமுறைகளை விளக்கிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, சணலை இரண்டு விரலில் வளைத்தார், முறுக்கினார், பொட்டலத்தின் மூலையில் இறக்கி இழுத்தார்.

முறுக்கு எதிர்ப்பக்கம் போனது.

ஜமால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான். "பூ நல்லாக் கட்டுவீக போலுக்க சார். ஆருகிட்ட படிச்சீக?"

"எங்கம்மாகிட்ட." அவர் முகம் ஒரு கணம் இளகியது. "சின்னப் பையன்ல தினம் சாயங்காலம் அவளுக்கு எதிர்ல உக்காந்து கட்டுவேன். அவள் கையைப் பாத்துப் பாத்தே வந்துடுத்து."

எதிரே உட்கார்ந்து பார்த்தால் அம்மாவின் வலது பையனுக்கு இடது. கண்ணாடியில் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி முறுக்கு மாறிவிடும். நொட்டாங்கையெல்லாம் இல்லை, ஆள் எதிரில் உட்கார்ந்தவன். ஜமால் வாயைத் திறக்கப்போனான். இசக்கியம்மாள் அவன் முழங்காலில் ஒரு கிள்ளு வைத்தாள்.

"தாகமா இருக்குன்னியே, உள்ள போயி மாமிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வா," என்றாள்.

அப்படி அவன் சொல்லவே இல்லை. ஆனால் இருபது தடவை அவளோடு போனதில், எப்போது தாகம் எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

சமையலறைக்கு வெளியே நின்று மரகதவல்லி கொடுத்த தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தான். அந்த நேரத்தில் கண் வீடு முழுக்க மேய்ந்துவிட்டது. பெருமாள் அலமாரியின் கீழ்த்தட்டில், ஓரமாக, ஒரு வெண்கலக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு தட்டைக் கல், நடுவில் சிவப்புப் பொட்டு, சுற்றிலும் இரண்டு முல்லைப்பூ.

"மாமி, அந்தக் கல்லு என்ன சாமி?"

அவள் தயங்கினாள். பிறகு, வேறு ஜாதிப் பையன், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். "அய்யனார் கோவில் கல்லு. ஆடி மாசம் இவர் கொண்டுவந்தார். சொந்த வீடு அமையணும்னு. வெளில யார்கிட்டயும் சொல்லாதேன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒன்பது வீடு மாறிட்டோம். அஸ்திவாரம் போட்டு அது பாட்டுக்குக் கிடக்கு." அவள் குரல் தணிந்தது. "அந்தக் குங்குமம் பாரு. தினம் தண்ணி விட்டுத் துடைக்கிறேன், ஒருநாள்கூட அழியலை. அவனே இட்டுண்ட பொட்டுன்னு நினைச்சுப்பேன்."

ஜமாலுக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். இந்தத் தடவை டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். இந்த அம்மாளிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"மாமி," என்றான் கடைசியில், "முன்னறைல ஸாவித்ரின்னு ஒரு பொண்ணு வந்திருப்பாக. இதை அவுககிட்ட ஒருதடவை காட்டுதீகளா?"

ஸாவித்ரி வந்து வாசற்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மரகதவல்லி கிண்ணத்தோடு வந்ததைப் பார்த்ததும் ஸுந்தரராஜன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பாதியிலேயே நின்றுவிட்டார். ஸாவித்ரி கிண்ணத்துக்குள் பார்த்தாள்.

"அது குங்குமம் இல்லை மாமி," என்றாள். "என்னோட நெயில் பாலிஷ்."

தெருவில் ஒரு ஐஸ்வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"வேலை முடிஞ்ச கல்லுன்னுதான் எடுத்தேன்," என்றார் ஸுந்தரராஜன், மேஜையைப் பார்த்து. "ஒரு தட்டைக் கல்லுகூட அங்கே மிச்சமில்லை. குளிர்ல உன் கிருமியெல்லாம் எப்பவோ செத்திருக்கும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் நிம்மதியில்லை. நம்பியைப் பாக்கச் சொன்னேன். வந்துடுத்து."

"வந்த அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சார்," என்றாள் இசக்கியம்மாள்.

"எப்படிம்மா சொல்றது? ஊர் ஊராப் போய் இதெல்லாம் மூடத்தனம்னு பேசறவன் நான். கமிட்டிக்கு முன்னாடி எழுந்து நின்னு, வீடு வேணும்னு அய்யனாருக்குக் கல் அடுக்கினேன்னு சொல்லவா?"

"அதுக்குப் பதிலா என் நாலு வருஷத்தைக் குடுத்துடலாம்னு நினைச்சேளா சார்?" என்றாள் ஸாவித்ரி. "நான் ராத்திரியெல்லாம் என் கையையே சந்தேகப்பட்டேன். நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு."

அவர் மேஜை மேலிருந்த தாள்களின் விளிம்பை மறுபடி சரிசெய்தார்.

"கல்லு அடுக்கினது குத்தமில்ல சார்," என்றாள் இசக்கியம்மாள். "ஆசைப்படாத மனுசன் ஆரு. அந்தப் பொண்ணு வாயை அடைச்சீக பாத்தீகளா, அதுதான் குத்தம்."

மரகதவல்லி கிண்ணத்தை ஸாவித்ரியின் கையில் வைத்தாள். கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு வாடகை வீடே போறும். வெள்ளிக்கிழமை நீங்க சொல்றேள். இல்லேன்னா நான் வந்து சொல்லுவேன்."

ஸாவித்ரி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் ஜமால் நினைத்தான். ஆனால் அவள் விரலால் கல்லை ஒருதரம் தடவி, அந்த விரலையே உற்றுப் பார்த்தாள். வழுவழுவென்று ஒரு படலம்.

"ஆடிலேருந்து இது தண்ணிலேயே இருக்கா மாமி?"

"ஆமா. தினம் தண்ணி மாத்துவேன்."

"பழைய தண்ணியை என்ன பண்ணுவேள்?"

"சாமி தண்ணியாச்சே, கால்ல மிதிபடக் கூடாதோன்னோ. அப்படியே கிணத்துல விட்டுடுவேன்."

எல்லாரும் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜமால் தன் வயிற்றைப் பார்த்தான்.

"நான் இப்பம் குடிச்சது?"

"அதே கிணத்துத் தண்ணிதான்," என்றாள் மரகதவல்லி.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் ஸாவித்ரி. அவள் கண்ணில் இப்போது வேறொரு வெளிச்சம் இருந்தது. "ஓடைல மட்டும் இல்லை. கிணத்துக் கிருமிக்கும் தாவியிருக்கா பாக்கணும். நாளைக்குக் காலைல ஒரு ஜாடி எடுக்கறேன்."

"ஒப்பிடறதுக்கு எங்கேருந்து எடுப்பே?" பழக்கதோஷத்தில் ஸுந்தரராஜன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்தாத்துக் கிணத்துலேருந்து சார்."

"எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தாத்துல யாராவது அய்யனார் கோவில் போயிட்டு வந்தாளான்னு கேட்டுக்கோ." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என்னையும் கேட்டிருக்கணும் நீ. கேக்காமலே நான் சொல்லியிருக்கணும்."

"இதே வார்த்தையை வெள்ளிக்கிழமை சொல்லுங்க," என்றாள் இசக்கியம்மாள், எழுந்தபடி.

அவர் மேஜை மேலிருந்த பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தார். தான் போட்ட எதிர்முறுக்கைத் தானே பிரித்தார். பால்கோவாவை ஒரு தாளில் எடுத்து முதலில் ஸாவித்ரியிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிடறேன் சார்," என்றாள்.